எல்லாம் டி-யில்தான் இருக்கிறது

0

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேந்தமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிர் வரிசையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஹேமலதாவுடையது. என் லேப்டாப் ஒரு நாள் காலையில் திறக்க மறுத்தது. அவரிடம் கொண்டுபோனேன். உள்ளே முக்கால்வாசி எழுதிய நாவல் ஒன்று இருந்தது. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். திறந்ததும் தெரியும் முதல் திரையிலேயே என்றேன். அப்படியென்றால் சிரமம்தான் என்றார். அதனால் உலகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று வீட்டில் பிரபாவதி சொன்னாள். அவள் என் மனைவி. அவள் சொன்னதில் உண்மை இருந்தது.

கடையின் மூலையில் வேறொரு பழைய லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பச்சைப் பட்டை, நகர்கிறதா இல்லையா என்றே தெரியாத வேகத்தில் நகர்ந்தது. அது என்ன என்று கேட்டேன். ஹேமலதா என் லேப்டாப்பின் அடிப்பாகத்தைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க கதை எழுதறவருங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப இத எழுதுங்க. எழுதி, எப்படியாச்சும் நல்லபடியா முடிச்சுக் கொடுங்க."

முடித்துக் கொடுக்க முடியவில்லை. அந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

1

முதல் தொடக்கம்: ரஞ்சிதா கொல்லிமலைப் பேருந்திலிருந்து இறங்கியபோது மலைமேல் மேகம்

(வேண்டாம். மேகத்தை வைத்து எத்தனை பேர் பிழைத்துவிட்டார்கள்.)

இரண்டாவது: வளப்பூர் நாட்டில் செல்போன் சிக்னல் வேண்டுமென்றால் பலாமரத்துக்கு மேற்கே இருக்கும் பாறை வரைக்கும் நடக்க வேண்டும். அங்கேயும் ஒரு கோடுதான்

(இது தேவைப்படும். ரஞ்சிதாவின் ஊர் அது; கொல்லிமலையில் நாடு என்றால் சில சிற்றூர்கள் சேர்ந்த பகுதி. ஆனால் தொடக்கமாக வைத்தால் மலைவாழ் மக்களின் பிரச்சினைகள் என்று யாரோ எழுதிய கட்டுரை மாதிரி இருக்கிறது.)

மூன்றாவது: சுதாகர் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

இது நிற்கும் என்று நினைக்கிறேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுதாகர் ரஞ்சிதாவின் கணவன். போர்வெல் லாரியில் வேலை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது புதிதில்லை. எங்கள் லாரிகள் போய்த் துளை போடாத மாநிலம் இந்தியாவில் கிடையாது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தான், திரும்பிப் போனான், சத்தீஸ்கர் பக்கத்திலிருந்து யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை. அவனுடைய போன் அணைந்தே கிடந்தது. வேலைக்குச் சேர்த்துவிட்ட ஏஜெண்டு, அவன் நடுவழியிலேயே இறங்கிக்கொண்டதாக லாரிக்காரர்கள் சொன்னார்கள் என்றார். எந்த லாரி என்று கேட்டதற்கு, விசாரித்துச் சொல்கிறேன் என்றவர், அதன்பிறகு எண்ணையே மாற்றிவிட்டார். காவல் நிலையத்தில் புகார் வாங்கிக்கொண்டார்கள். லாரி எண் வேண்டும், கூட வேலை செய்தவர்களின் பெயரோ முகமோ வேண்டும், அவனுடைய சமீபத்திய படம் வேண்டும் என்றார்கள். ரஞ்சிதாவிடம் இருந்தது கல்யாணப் படம். அதில் அவன் மீசை கூடச் சரியாக முளைக்காத பையன்.

ஆனால் பொங்கலுக்கு வந்தபோது அவன் போனில் இருந்த மெமரி கார்டை லேப்டாப்பில் செருகி எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருந்தான். லாரி, லாரிமுன் நிற்கும் ஆட்கள், துளையிலிருந்து தண்ணீர் பீறிடும்போது அவர்கள் நனைந்துகொண்டு சிரிக்கும் வீடியோ. ரஞ்சிதா அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். சிக்னல் இல்லாத ஊர் என்பதால் வேறு எங்கேயும் எதுவும் போய்ச் சேரவில்லை. இருந்தது அந்த ஒரு லேப்டாப்பில். படம் கேட்ட சமயம் பார்த்து அந்த லேப்டாப் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து வந்து நின்றுவிட்டது.

[ஹேமலதாவை 'அவர்' என்றும் ரஞ்சிதாவை 'அவள்' என்றும் எழுதியிருக்கிறேன். ஒருவர் கடைக்காரர், ஒருத்தி மலையிலிருந்து வருகிறவள் என்பதாலா? எனக்கே பிடிக்கவில்லை. இருவரையும் 'அவர்' ஆக்கினால் யார் யாரென்று உங்களுக்குக் குழம்பும். அப்படியே விட்டுவிடுகிறேன். விட்டது தெரிந்துதான் விட்டேன் என்பது இருக்கட்டும்.]

2

இனி கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரியாமல் மேற்கொண்டு நடந்தது புரியாது.

கணினிக்குள் நம்முடைய பொருட்கள் கிடப்பது ஒரே ஒரு டிஸ்க்கில். ஒரே வயலை வரப்புப் போட்டுப் பிரிப்பதுபோல அதைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்கு சி என்று பெயர், இன்னொன்றுக்கு டி. கணினியை நடத்துகிற ஓ.எஸ். சி-யில் இருக்கும்; முதல் திரையில் வைப்பதும் அங்கேதான் போகும். டி நமக்கு. ஓ.எஸ். கெட்டுப்போனால் கடைக்காரர்கள் சி-யை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார்கள், டி-யைத் தொட மாட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் லேப்டாப் வாங்கிய எவரும் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: எல்லாவற்றையும் டி-யில் வை. ஜாதிச் சான்றிதழ், காதுகுத்து வீடியோ, பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் டி. சமைக்கத் தெரியாதவனுக்குக் கூட இது தெரியும்.

கடையில் ஒரு கேள்வி பதில் உண்டு. "சி-யில ஏதாச்சும் இருக்குதுங்களா?" "இல்லீங்க, எல்லாம் டி-யிலதான் இருக்குது." வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பதும் அவர் ஆச்சு என்பதும் போல. யாரும் யாரையும் சோதிப்பதில்லை.

ரஞ்சிதாவின் லேப்டாப் அவள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. அந்த லேப்டாப்புகளில் இரண்டு ஓ.எஸ். இருக்கும். திறக்கும்போதே எதற்குள் போகிறாய் என்று கேட்கும். எல்லோரும் முதலாவதற்குள்தான் போவார்கள். இரண்டாவது ஓ.எஸ்., சி-யும் டி-யும் அல்லாத இன்னொரு பகுதியில் அதுபாட்டுக்குக் கிடக்கும். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அதை எடுத்துவிடச் சொல்லி வாடிக்கையாளர்கள் கேட்டுக்கேட்டு, பிறகு கேட்காமலே எடுத்துக் கொடுப்பது சேந்தமங்கலத்துக் கடைகளின் வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளருக்கு இடம் கூடும். கடைக்கு நல்ல பெயர்.

சுதாகர் அந்த இரண்டாவதற்குள்தான் போனான். லாரி ஆட்கள் பத்துப் பேரிடம் கைமாறிய மெமரி கார்டு, வைரஸ் பிடித்தது. முதலாவதில் செருகினால் லேப்டாப்பே படுத்துவிடும், இரண்டாவதில் செருகினால் ஒன்றும் ஆகாது என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். படங்களையும் அங்கேயே வைத்தான். பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று ரஞ்சிதா கேட்டாள். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றான்.

பத்திரம் என்றால் டி. இந்த மலையிலும் அடிவாரத்திலும் அதற்கு வேறு பொருள் கிடையாது.

3

ரஞ்சிதா லேப்டாப்போடு கடைக்கு வந்த அன்று என்ன நடந்தது என்பதை ஹேமலதா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். பொய் சொல்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை, தூங்காதவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

அவரு போட்டோவெல்லாம் இருக்குதுங்க்கா, அது மட்டும் போயிரக் கூடாது என்று ரஞ்சிதா சொல்லியிருக்கிறாள். ஹேமலதா வழக்கமான கேள்வியைக் கேட்டார். ரஞ்சிதா வழக்கமான பதிலைச் சொன்னாள். ஹேமலதா அலட்சியக்காரர் இல்லை. டி-யைத் தனியாகப் பார்த்து, உள்ளே நிறையக் கோப்புகள் இருப்பதை உறுதி செய்துகொண்டுதான் வேலையைத் தொடங்கினார்.

ஓ.எஸ். ஏற்றும்போது நடுவில் ஒரு திரை வரும். டிஸ்க்கில் என்னென்ன பகுதிகள் உள்ளன என்று வரிசையாகக் காட்டும். அங்கே சி, டி என்ற பெயர்கள் இருக்காது. எண், அளவு, எவ்வளவு காலி, அவ்வளவுதான். தனக்குப் படிக்கத் தெரிந்த பகுதி என்றால் சரியாகச் சொல்லும். படிக்கத் தெரியாத பகுதியை முழுக்கக் காலி என்று காட்டிவிடும். இரண்டாவது ஓ.எஸ். கிடந்த பகுதி அதற்குப் படிக்கத் தெரியாதது. ஹேமலதா அதைத் தேர்ந்தெடுத்தார். அழிக்கட்டுமா, உள்ளே இருக்கும் எல்லாம் போய்விடும் என்று திரை எச்சரித்தது. காலியாக இருப்பதை அழிக்கப் போனாலும் அது இதைத்தான் சொல்லும். சரி என்று அழுத்தினார். கிடைத்த இடத்தை சி-யோடு சேர்த்தார்.

வேலை முடிந்தது. கணவனைக் காணாமல் தவிக்கிற பெண், வீட்டில் சிறு மகள். கிடைத்த புது இடத்தில் குழந்தைகள் பாட்டு வீடியோக்களைத் தன் டிஸ்க்கிலிருந்து நிறைய ஏற்றிக் கொடுத்தார். ரஞ்சிதா கேட்கவில்லை. இவர் இரக்கப்பட்டுச் செய்தது.

அடுத்த வாரம் ரஞ்சிதா திரும்பி வந்தாள். அவரு போட்டோவக் காணோமுங்க என்றாள். ஹேமலதா டி-யைத் திறந்து காட்டினார். பள்ளிக்கூடக் கோப்புகளும் பழைய சினிமாவும்தான் இருந்தன.

"இதில்லீங்க்கா. இன்னொண்ணு வருமுங்க. மொதல்ல கேக்கும், கீழ இருக்கறத அமுத்துனா வேற கலருல வரும். அதுக்குள்ளதானுங்க அவரு வெச்சிருந்தாரு."

கால் மரத்துப்போனதாக ஹேமலதா சொன்னார். கை என்று எழுதலாமா என்று யோசித்தேன். கால் என்றுதான் அவர் சொன்னார்.

4

[இந்தப் பகுதி அழிக்கப்பட்டது. இதில் சுதாகர் இருந்தான். அவன் நடை, குரல், ரஞ்சிதாவை அவன் கேலி செய்யும் விதம், லாரியின் மேலே படுத்துக்கொண்டு அவன் நினைத்தவை எல்லாம் எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது. ரஞ்சிதா கடைக்கு வந்திருந்தபோது ஒரு பத்தியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவரு இப்படி இல்லீங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அவனைப் பார்த்ததே இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாத இடத்தில் என்னுடைய பாட்டுகளை ஏற்றி வைத்திருக்கிறேன்.]

5

அழித்ததைத் திரும்ப எடுக்க முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

டிஸ்க்கில் அழிப்பது என்றால் பொருளையே அழிப்பதல்ல என்று ஹேமலதா விளக்கினார். எது எங்கே இருக்கிறது என்ற விவரத்தை மட்டும் அழிப்பது. பொருள் இருந்த இடத்திலேயே கிடக்கும், போய்ச் சேர வழி மட்டும் இருக்காது. அதன்மேல் வேறொன்றை எழுதும் வரைக்கும் தேடி எடுக்க வாய்ப்பு உண்டு. தேடுவதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதுதான் மூலையில் ஓடும் பச்சைப் பட்டை.

(சுதாகரும் அப்படித்தான், எங்கேயோ இருக்கிறான், விவரம்தான் அழிந்துவிட்டது என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன். எழுதியதும் பெருமையாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. அவன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒப்புமை பொருந்துகிறது என்பதற்காக ஒரு மனிதன் உயிரோடு இருந்துவிடுவானா?)

ஆனால் படங்கள் இருந்த இடத்தின்மேல் வேறொன்று எழுதப்பட்டுவிட்டது. புது ஓ.எஸ். கொஞ்சம். மீதி, குழந்தைகள் பாட்டு.

ஒரு கட்டத்தில் ஹேமலதாவையே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கதைக்கு அது வசதி. அந்தப் பகுதியில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தும் சோம்பல்பட்டு அழித்துவிட்டார் என்று ஒரு வடிவம் எழுதினேன். வாசகருக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்தால் கதை சுலபமாக இறங்கும். ஆனால் அவர் கடையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். அன்று வந்தவர்கள் எல்லோரும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். எல்லாம் டி-யிலதான் இருக்குது. ஹேமலதா ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, எங்கே வைத்தீர்கள், திறக்கும்போது என்ன கலரில் வரும், வீட்டில் வேறு யாராவது தொடுவார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சலடைந்து ஒருவர் வேறு கடைக்குப் போய்விட்டார். அந்த வடிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

அன்றைக்கு அவர் எனக்கு ஒரு படத்தைக் காட்டினார். தேடலில் கிடைத்த ஒரே படம். மேல் பாதியில் வானம், துளையிடும் கம்பத்தின் நுனி, ஏதோ ஒரு மரக்கிளை. கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். லாரியும் ஆட்களும் நின்றிருக்க வேண்டிய இடம் அது. ரஞ்சிதாவிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இல்லை என்று.

ரஞ்சிதா ஒவ்வொரு சனிக்கிழமையும் மலையிலிருந்து வருவாள். ஓடுதுங்களா என்று கேட்பாள். ஓடுது கண்ணு என்பார் ஹேமலதா. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சற்றுநேரம் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பேருந்துக்குப் போய்விடுவாள். அந்தத் தேடல் முன்பே ஒருமுறை முடிந்துவிட்டது. ஹேமலதா முதலிலிருந்து மறுபடி ஓட விட்டிருந்தார். அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரியும்.

6

சொல்லிவிடலாம் என்று ஹேமலதா முடிவு செய்தார். கடையில் வைத்து, நாலு பேர் நடுவில் சொல்ல மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஊட்டுக்கே போவோம், நீங்களும் வாங்க என்றார். எதற்கு நான் என்று கேட்டேன். "நான் சொல்லாம வந்துட்டா நீங்க சொல்லோணுமுங்க" என்றார்.

வளப்பூர் நாட்டில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். ரஞ்சிதாவின் வீட்டு வாசலில் மிளகு காய்ந்தது. பலாப்பழம் அறுத்து வைத்தாள். மகள் எங்களைப் பார்த்ததும், லேப்டாப் எப்போது வரும், பாட்டு பார்க்க வேண்டும் என்றாள். ஹேமலதா கையிலிருந்த சுளையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

மகளை ரஞ்சிதா கோழியை விரட்டச் சொல்லி வெளியே அனுப்பினாள். பிறகு, நீங்கள் இங்கே வந்துவிட்டீர்களே, அங்கே அது ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்றார் ஹேமலதா.

"ரஞ்சிதா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும் கண்ணு. அதுல இனிமேல்ட்டு"

"வேண்டாங்க்கா."

அவள் குரலை உயர்த்தவில்லை. முந்தானையில் விரல்களின் பலாப்பிசினைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"எனக்குத் தெரியாமயாங்க்கா இருக்கும்? நீங்க என் மூஞ்சியப் பாக்கறதே இல்லியே. போலீஸ் டேசன்ல போன் எடுக்கறதில்லீங்க. ஏஜெண்டு நம்பர மாத்திட்டான். அவரு அண்ணன் நாக்பூர் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டாரு, இனி முடியாதுன்னுட்டாரு. இப்ப அவரத் தேடறது அந்த லேப்டாப்பு ஒண்ணுதானுங்க. அதையும் நிறுத்திப்போடாதீங்க."

வெளியே மகள் கோழியை விரட்டுவது கேட்டது. ஹேமலதா சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. திரும்பும்போது ரஞ்சிதா இரண்டு பைகளில் பலாச்சுளை கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டோம். வேறென்ன செய்வது?

7

நல்லபடியாக முடித்துக் கொடுங்கள் என்று கேட்டவரிடம் நான் வைத்திருந்த முடிவுகள்:

அ. பட்டை நின்றதும் படங்கள் முழுசாக வருகின்றன. லாரி எண் தெரிகிறது. (பாட்டு வீடியோக்கள் என்ன ஆயின? நான் எழுத்தாளன், அழித்துவிட்டேன். ஆனால் ஹேமலதா இதைப் படித்தால், அப்படி நடக்காதுங்களே என்பார். அவரிடம் இந்த விஷயத்தில் பொய் சொல்ல முடியாது.)

ஆ. ஒரு சனிக்கிழமை ரஞ்சிதா வரவில்லை. அடுத்த வாரம் சுதாகரோடு வருகிறாள். அவன் இளைத்திருக்கிறான், தாடி வளர்ந்திருக்கிறது, வழியில் காய்ச்சலில் கிடந்தேன் என்கிறான், நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, மலையிலிருந்து இறங்கிய

(இதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அழுகை வந்தது. எழுதும்போது அழுகை வந்தால் அது நல்ல எழுத்து என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.)

இ. ஹேமலதா நிறுத்திவிடுகிறார். ரஞ்சிதா வந்து, நின்ற திரையைப் பார்க்கிறாள்.

இதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை.

8

மலையிலிருந்து நாங்கள் இறங்கி வந்து கடையைத் திறந்தபோது தேடல் மறுபடி முடிந்திருந்தது. அதே பாதிப் படம். அதே சாம்பல். கீழே இரண்டு பொத்தான்கள். மூடு என்று ஒன்று. மறுபடி தேடு என்று ஒன்று. ஹேமலதா பலாச்சுளைப் பையை மேசையில் வைத்தார். மௌஸை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க முடிக்கறவருதானுங்களே. அமுத்துங்க. எதுனாலும் சரி."

என்னால் முடியவில்லை. மறுபடி தேடு என்பதை அழுத்தினால் ஒருத்தியின் வாழ்நாளை அந்த ஸ்டூலில் உட்கார வைக்கிறேன். மூடு என்பதை அழுத்தினால் அவனைத் தேடும் கடைசி ஆளையும் வீட்டுக்கு அனுப்புகிறேன். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவரும் அழுத்தவில்லை. லேப்டாப்பை யாரும் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறோம்.

இன்று சனிக்கிழமை. இந்தக் கடைசிப் பகுதியை அவர் கடையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ரஞ்சிதா உள்ளே வந்ததும் எங்களைப் பார்க்க மாட்டாள், மூலையைத்தான் பார்ப்பாள். பட்டை ஓடினால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். ஓடாவிட்டால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் அதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

இதுவரை படித்த நீங்கள் எங்களைவிட நன்றாக யோசித்திருப்பீர்கள். மௌஸ் மேசையின் இந்த ஓரத்தில் இருக்கிறது. கை எட்டும். கொஞ்சம் சீக்கிரம் செய்யுங்கள். அவள் வரும் பேருந்து மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டிவிட்டது என்று ஹேமலதாவுக்குப் போன் வந்திருக்கிறது.